ஒரு வயது கூட்டிப் போட்டேன், ஸ்டெல்லா

என் ஸ்டெல்லாவுக்கு,

கோபம் மிச்சமிருந்தாலும் இதைப் பாதியில் மடித்து வைத்துவிடாதே. பத்தாம் வகுப்பில் என் கட்டுரை நோட்டையெல்லாம் நீதான் திருத்திக் கொடுப்பாய். இதிலும் திருத்த நிறைய இருக்கும். இந்த ஒரு தடவை குறுக்கே பேசாமல் கடைசி வரைக்கும் கேள்.

நாளைக் காலை பவித்ராவைத் தேனிக்குக் கூட்டிப் போகிறேன். டாக்டர் மறுபடியும் பார்க்கப் போகிறார். அவர் எழுதிக் கொடுப்பதை வைத்துத்தான் அவள் நம் ஊர்ப் பள்ளிக்கூடத்திலேயே இருந்து படிப்பாளா, மதுரையில் முகம் தெரியாத ஒரு விடுதிக்குப் போவாளா என்று முடிவாகும். அவளுக்கு இப்போதுதான் ஏழு வயது முடிந்திருக்கிறது. என் முந்தானை கையில் இருந்தால்தான் தூங்குகிற பிள்ளை. விடுதியில் அவளுக்கு யார் முந்தானை கொடுப்பார்கள்?

இது மறுபடி என்று சொன்னேன் அல்லவா? முதல் தடவை போனபோது நான் பொய் சொல்லிவிட்டு வந்தேன். அந்தப் பொய் டாக்டரிடம் ஆரம்பிக்கவில்லை. உன் பால்வாடியில் ஆரம்பித்தது. அதனால்தான் போவதற்கு முன்னால் உன்னிடம் சொல்லிவிட்டுப் போகிறேன்.

அன்றைக்கு நீ பேசியது ஒரு சொல் விடாமல் நினைவிருக்கிறது. பொங்கல் முடிந்த வாரம். பிள்ளையைக் கூட்டிப் போக மத்தியானம் வந்தேன். ஆயா பின்னால் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார். நீ சத்துமாவு டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு என்னை உட்காரச் சொன்னாய்.

“மல்லிகா, ஒண்ணு சொல்லுவேன், கோவிச்சுக்கிறக் கூடாது. பாப்பாவ ஒருக்கா தேனிக்குக் கூட்டிட்டுப் போயிப் பெரிய டாக்டர்கிட்டக் காட்டுவமா? நானும் கூட வாறேன்.”

“எதுக்கு? நல்லாத்தான இருக்கா?”

“நல்லாத்தான் இருக்கா. ஆனா கூட உள்ள பிள்ளைக செய்யுறத இவ செய்ய மாட்டேங்குறா. பேரச் சொல்லி மூணு தடவ கூப்பிட்டா ஒரு தடவதான் திரும்புறா. நாலு வயசு ஆகப் போகுது, நாலஞ்சு வார்த்தையிலயே நிக்குறா. சின்னதுலயே பாத்தாத்தான் நல்லதுன்னு எங்க டிரெய்னிங்ல சொன்னாக.”

எனக்கு எங்கிருந்து அவ்வளவு ஆங்காரம் வந்தது என்று தெரியவில்லை. தெரியவில்லை என்று சொல்வதும் பொய்தான். நீ சொன்னதெல்லாம் எனக்கு ஏற்கெனவே தெரியும், அதனால்தான் வந்தது. அவள் பிறந்ததிலிருந்து நான் பார்க்காமல் இருக்கப் பாடுபட்ட ஒன்றை நீ பட்டப்பகலில் எடுத்து வைத்துவிட்டாய்.

“பிள்ளை பெத்து வளத்தவளுக்கு அதெல்லாம் தெரியும். உனக்கு என்ன தெரியும்?” என்றேன்.

அப்போது உனக்குக் கல்யாணமாகி ஒன்பது வருஷம். வேளாங்கண்ணிக்கு நீ எத்தனை தடவை நடந்தாய் என்று உன் வீட்டுக்காரரைவிட எனக்குத்தான் நன்றாகத் தெரியும். நீ மாவு டப்பாவின் மூடியை எடுத்து மூடப் பார்த்தாய், அது சரியாக உட்காரவில்லை, மறுபடியும் மூடப் பார்த்தாய். நான் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு செருப்பைக்கூட எடுக்காமல் வெளியே வந்தேன்.

அதோடு விட்டேனா? சாயங்காலம் குழாயடியில், “பிள்ளையில்லாதவ கண்ணு பட்டுத்தான் எம்பிள்ளைக்குப் பேச்சு வளரல” என்று சொன்னேன். குடம் நிறைவதற்குள் நாலு பேர் காதில் விழுந்துவிட்டது. அடுத்த வாரம் இரண்டு வீட்டில் பிள்ளைகளைப் பால்வாடிக்கு அனுப்பவில்லை என்று கேள்விப்பட்டேன். யார் சொன்ன பேச்சு அது என்று உனக்குத் தெரியுமா, தெரியாதா? இன்றைக்கு வரைக்கும் எனக்கு விளங்கவில்லை.

வீட்டில் அவர், “எங்கய்யாவே அஞ்சு வயசுலதான் பேசுனாகளாம், பொறுமையா இரு” என்றார். நம் பக்கத்தில் எந்த வீட்டில்தான் ஐந்து வயதில் பேசிய ஒரு தாத்தா இல்லை? குச்சனூருக்கு ஏழு சனிக்கிழமை போகச் சொன்னார்கள், போனேன். சனீஸ்வரன் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. பவித்ரா அங்கே காக்காய்களைப் பார்த்துச் சிரித்தாள், ஆற்றில் ஆசை தீர நனைந்தாள். பேச்சு மட்டும் அதே நாலைந்து வார்த்தையில் நின்றது.

ஜூன் மாதம் வந்தது. பள்ளிக்கூடத்தில் ஒன்றாம் வகுப்புக்குப் பேர் எழுதிக்கொண்டிருந்தார்கள். பவித்ராவுக்கு நாலு வயது நாலு மாதம். பெரிய டீச்சர் வழக்கம்போலக் கையைத் தலைக்கு மேலே சுற்றி மறுபக்கத்துக் காதைத் தொடச் சொன்னார். அவளுக்கு அது புரியவில்லை, டீச்சரின் வளையலையே பார்த்துக்கொண்டு நின்றாள். நான்தான் அவள் கையைப் பிடித்துத் தலைக்கு மேலே வளைத்து இழுத்துக் காதில் வைத்தேன். அவள் அப்பா ஜாடை, நல்ல உயரம், அதனால் விரல் எட்டிவிட்டது. வலித்திருக்கும். அழவில்லை.

“வயசு என்னம்மா?”

“அஞ்சு முடிஞ்சிருச்சு டீச்சர்.”

“பிறப்புச் சீட்டு?”

“வச்ச இடத்துல எலி கடிச்சிருச்சு.”

“சரி, நீங்க சொல்ற தேதியப் போட்டுக்கிறேன். இங்கன ஒரு கையெழுத்துப் போடுங்க.”

மாதமும் தேதியும் உள்ளதைச் சொன்னேன். வருஷத்தை மட்டும் ஒன்று முன்னால் தள்ளினேன். எங்கள் வீட்டுக்காரருக்கே பள்ளிக்கூடத்துப் பிறந்தநாள் வேறு, வீட்டுப் பிறந்தநாள் வேறு. ஊரில் பாதிப் பேருக்கு அப்படித்தான். ஒரு வருஷம் முன்னால் சேர்த்தால் ஒரு வருஷம் முன்னால் படிப்பு முடியும் என்று எல்லாரும் செய்வதுதான்.

ஆனால் நான் படிப்புக்காகச் செய்யவில்லை. உன் பால்வாடிப் பதிவேட்டிலிருந்து அவள் பேரை எடுக்க வேண்டும், யூனிபார்ம் போட்டு உன் வாசல் வழியாகக் கூட்டிப் போக வேண்டும், அதை நீ பார்க்க வேண்டும். அதற்காகத்தான். நேர்வழி இருக்கும்போது சுற்றிக்கொண்டு பால்வாடித் தெரு வழியாகத்தான் முதல் வாரம் முழுக்கக் கூட்டிப் போனேன்.

பத்து நாள் கழித்து நீ என் வீட்டு வாசலுக்கு வந்தாய். நான் தையல் மிஷினில் இருந்தேன். உள்ளே வா என்று சொல்லவில்லை. நீ வாசற்படிக்குக் கீழேயே நின்று பேசினாய்.

“ஸ்கூல்ல இருந்து பேரு லிஸ்ட் வந்துச்சு மல்லிகா. வருசத்த மாத்திக் குடுத்திருக்க. ஏற்கெனவே பின்னால நிக்குற பிள்ளையக் கொண்டுபோயி இன்னும் ஒரு வருசம் மூத்த பிள்ளைகளோட நிறுத்துற. அவ எப்படிப் பிடிப்பா?”

நான் மிதித்துக்கொண்டே இருந்தேன். நூல் அறுந்து வெகுநேரமாகியிருந்தது. வெறும் ஊசி ரவிக்கைக் கையில் ஓட்டை போட்டுக்கொண்டே போனது.

“நான் யார்கிட்டயும் சொல்லல. நீயாப் போயி மாத்திரு. என் மேல உள்ள கோவத்த என்கிட்டக் காட்டு, அவகிட்ட வேணாம்.”

சொல்லிவிட்டுப் போய்விட்டாய். அதற்கப்புறம் ஒரே தெரு, ஒரே குழாய், சின்னமனூருக்கு ஒரே பஸ். ஒன்றரை வருஷம் நாம் பேசவில்லை. நீ ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தால் நான் பின்படியில் ஏறுவேன்.

நீ சொன்னபடியேதான் ஆயிற்று. ஒன்றாம் வகுப்பில் சிலேட்டை நக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இரண்டாம் வகுப்பில் பாயில் வட்டமாக உட்கார்ந்து அட்டையை வைத்துப் படிக்கும் புது முறை வந்தது. ஒவ்வொரு பிள்ளைக்கும் ஏணி மாதிரி படி போட்டிருக்கிறார்கள், தன் தன் வேகத்தில் ஏறலாம். மற்ற பிள்ளைகள் ஏறிப் போய்க்கொண்டே இருந்தார்கள். இவள் முதல் படியில் அதே அணில் அட்டையைக் கையில் வைத்துக்கொண்டிருந்தாள். மூன்றாம் வகுப்புக்கு வந்தபோது பாவாடை நனைத்துக்கொள்ள ஆரம்பித்தாள். அதைப் பார்த்துப் பிள்ளைகள் தள்ளி உட்கார்ந்தார்கள். ஒருநாள் பாயில் அவள் மட்டும் தனியாக இருந்ததை நானே ஜன்னல் வழியாகப் பார்த்தேன்.

இதற்கிடையில்தான் நீ போனாய். ஊர்ப் பிள்ளைகளையெல்லாம் மாதாமாதம் தராசில் தொங்கவிட்டு, கால் கிலோ குறைந்தாலும் வீடு தேடிப் போய்ச் சொன்னவள், உன் மார்பில் இருந்த கட்டியை ஒருத்தரிடமும் காட்டவில்லை. என்னிடம் பேச்சுவார்த்தை இருந்திருந்தால் சொல்லியிருப்பாயா? இந்தக் கேள்வியை நான் கேட்டுக்கொள்ளாத நாள் இல்லை.

மாதா கோயிலில் உன் உடலை வைத்திருந்தபோது நான் செருப்புகள் கிடந்த இடத்திலேயே நின்றேன். உன் வீட்டுக்காரர்தான் பார்த்துவிட்டு வந்தார். “உள்ள வாங்க. ஆஸ்பத்திரில ரெண்டு தடவ ஒங்களக் கேட்டா” என்றார். எதற்காகக் கேட்டாய் ஸ்டெல்லா? திட்டுவதற்கா? அவரிடம் கேட்காமலே வந்துவிட்டேன்.

போன வருஷம் காலாண்டுப் பரீட்சை முடிந்த சமயம் பெரிய டீச்சர் கூப்பிட்டு அனுப்பினார். மேலதிகாரி வந்து பார்த்துவிட்டுப் போயிருந்தார் போல.

“நான் கெட்டவ இல்ல மல்லிகா. அஞ்சு கிளாஸுக்கு நாங்க ரெண்டே பேரு. இவளப் பாத்தா மத்த பிள்ளைகளப் பாக்க முடியல. மத்த பிள்ளைகளப் பாத்தா இவ ஈரத்தோட உக்காந்திருக்கா. டி.சி. வாங்கிக்கங்க. மதுரைல ஹோம் இருக்காம், அங்கன நல்லாப் பாத்துக்கிறாகளாம்.”

நான் சண்டைக்காரி என்று உனக்குத் தெரியும். அன்றைக்குச் சண்டை போட முடியவில்லை. அவர் சொன்னதில் பொய் இல்லை. வெளியே வந்து கொடிக்கம்பத்துப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டேன்.

அங்கேதான் கோமதி என்னைப் பார்த்தது. வட்டார வள மையத்திலிருந்து வரும் சிறப்பாசிரியர். சின்னப் பெண், செவ்வாய்க்கிழமை மட்டும் நம் பள்ளிக்கு வரும். பக்கத்தில் உட்கார்ந்து முழுவதையும் கேட்டது.

“அக்கா, அவசரப்பட்டு டி.சி. வாங்காதீக. தேனில முகாம் போடுறாக. உதவி இருந்தா சாதாரணப் பள்ளியிலயே படிக்கலாம்னு டாக்டர் எழுதிக் குடுத்துட்டா போதும். நான் இங்கனயே வந்து சொல்லிக் குடுப்பேன். பெறகு யாரும் அவளப் போன்னு சொல்ல முடியாது.”

முகாமுக்குப் போனோம். பெரிய மண்டபம், அம்மாமார்கள் வரிசை, இடுப்பிலும் தோளிலும் பிள்ளைகள். என் முறை வந்தபோது எனக்குப் பின்னால் போடிக்காரி ஒருத்தி கழுத்தை நீட்டிக் கேட்டுக்கொண்டிருந்தாள். டாக்டர் இளவயசு, களைத்திருந்தார், ஆனாலும் பொறுமையாகக் கேட்டார். பள்ளிக்கூடத்துக் காகிதத்தைப் பார்த்து ஏழு வயது ஒன்பது மாதம் என்று எழுதினார். உண்மையில் அவளுக்கு ஆறு வயது ஒன்பது மாதம். நான் வாயைத் திறக்கவில்லை.

“எப்பம்மா நடந்தா?”

“ஒரு வயசுல சார்.”

“முதல்ல பேசின வார்த்தை?”

“அம்மான்னு சொன்னா. அதுவும் ஒரு வயசுலதான்.”

எப்படி அவ்வளவு சரளமாக வந்தது? போடிக்காரி கேட்டுக்கொண்டிருந்தாள், அதனால் என்று வைத்துக்கொள். எல்லாப் பிள்ளைகளும் செய்வதை என் பிள்ளையும் ஒரு காலத்தில் செய்தாள் என்று யாராவது ஒரு காகிதத்தில் எழுதிவைக்க வேண்டும் போல இருந்தது.

டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். “ஒரு வயசுல நடந்து பேசின குழந்தை அப்புறம் நின்னுபோச்சுன்னா அது வேற விஷயம்மா. மதுரையில தலைக்கு ஸ்கேன் எடுத்துப் பாக்கணும். இந்த வயசுக்கு இவ்வளவு பின்னாடி இருக்கறதால இப்போதைக்கு விடுதியோட இருக்கற சிறப்புப் பள்ளிதான் சரின்னு எழுதறேன்.”

என் வாயால் என் பிள்ளைக்கு இல்லாத ஒரு நோயைக் கொடுத்துவிட்டு, விடுதிக்கும் சீட்டு வாங்கிக்கொண்டு பஸ் ஏறினேன். அவளோ டாக்டர் விளையாடச் சொல்லிப் பார்க்கக் கொடுத்த சிவப்புக் கட்டையைத் திருப்பிக் கொடுக்காமல் கையிலேயே கொண்டு வந்துவிட்டாள். வழி முழுக்க அதைத் தடவிப் பார்த்துக்கொண்டு வந்தாள்.

வீட்டுக்காரர் ஏலக்காய் எஸ்டேட்டுக்கு ஆள் ஏற்றிப் போய்விட்டு ஜீப்பை நிறுத்தியிருந்தார். காகிதத்தைப் பார்த்தார். “பெரிய டாக்டரே எழுதிட்டாகள்ல. விடு. மாசத்துக்கு ஒருக்கா போயிப் பாத்துக்கிருவோம்” என்று சொல்லிவிட்டு வண்டி துடைக்கப் போனார். அவர் அழுததைப் பார்க்கக்கூடாது என்று நான் உள்ளேயே இருந்தேன்.

செவ்வாய்க்கிழமை கோமதி அந்தக் காகிதத்தை இரண்டு தடவை படித்தது.

“இடிக்குதே அக்கா. நான் பாக்குற பிள்ளை வேற, இதுல எழுதியிருக்குற பிள்ளை வேற. இவ நின்னுபோன பிள்ளை இல்ல, மெதுவா வந்துக்கிட்டே இருக்குற பிள்ளை. பால்வாடிக்குப் போனாளா? அங்கன பதிவேடு இருக்கும்ல?”

“அதெல்லாம் பழசு, தூக்கிப் போட்டுருப்பாக” என்றேன். இதுவும் ஒரு பொய்.

கோமதி விடவில்லை. என்னையும் இழுத்துக்கொண்டு போனது. ஸ்டெல்லா, நான் உன் பால்வாடிக்குள் கிட்டத்தட்ட மூன்று வருஷம் கழித்துக் கால் வைத்தேன். புது டீச்சர் இரும்புப் பெட்டியைத் திறந்து காட்டினார். காக்கி அட்டை போட்டு, மேலே உன் உருட்டு எழுத்தில் வருஷம் எழுதிய நோட்டுகள் அடுக்கி இருந்தன.

பவித்ராவின் பக்கத்தைக் கோமதி உரக்கப் படித்தது. பிறந்த தேதி, வருஷம், உள்ளது உள்ளபடி. உட்கார்ந்தது பதினோராம் மாதம், தாய் சொன்னது. நடந்தது இரண்டு வயது முடிந்து, தாய் சொன்னது. ஆமாம், அப்போதெல்லாம் உன்னிடம் நான் உண்மையைத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். நிறம் பிரிக்கிறாள். மணி கோக்கிறாள், நாலு வரைக்கும். பாட்டுப் பாடினால் பக்கத்தில் வந்து உட்காருகிறாள், கதைக்கு வருவதில்லை. ஒவ்வொரு மாதமும் ஒரு வரி.

கடைசி வரியில் ‘பள்ளியில் சேர்ந்தாள்’ என்று இருந்தது. அதற்கு நேரே சேர்ந்தபோது வயது என்ற கட்டத்தில் மட்டும் நீ ஒன்றும் எழுதவில்லை. உள்ளதை எழுதினால் நான் மாட்டிக்கொள்வேன், நான் சொன்னதை எழுதினால் நீ பொய் எழுதியதாகும். அந்தக் காலிக் கட்டத்தைப் பார்த்துக்கொண்டு நான் எவ்வளவு நேரம் நின்றேனோ தெரியாது.

கோமதி தேதியைப் பார்த்தது, பள்ளிக்கூடக் காகிதத்தைப் பார்த்தது, பிறகு என்னைப் பார்த்தது. “அக்கா?” என்றது. அங்கேயே, உன் சின்ன நாற்காலிகளுக்கு நடுவில், எல்லாவற்றையும் சொன்னேன். அந்தப் பெண் திட்டவில்லை. “பெரிய டீச்சர்கிட்ட நீங்கதான் சொல்லணும்” என்று மட்டும் சொன்னது.

மத்தியான இடைவேளையில் போய்ச் சொன்னேன். பெரிய டீச்சரின் முகம் சுருங்கிவிட்டது. “ஒங்க கையெழுத்துக்குக் கீழ என் கையெழுத்தும் இருக்குல்ல? நாளைக்கு என்னையக் கேட்டா நான் என்ன சொல்ல?” என்றார். ரிட்டயர் ஆக இன்னும் கொஞ்ச காலம்தான் இருக்கிறது அவருக்கு. பயந்துவிட்டார். சோற்று டப்பாவைத் திறந்தவர் சாப்பிடாமலே மூடினார்.

தணிந்த குரலில், “அன்னைக்கு எண்ணிக்கைக்கு எனக்கும் ஒரு பேரு வேண்டியிருந்துச்சு. நீங்க கையப் பிடிச்சு இழுத்துக் காதுல வச்சதப் பாத்துக்கிட்டுத்தான இருந்தேன்” என்றார். பிறகு ஒரு வெள்ளைத்தாளை என் பக்கம் தள்ளினார். “நடந்தத எழுதிக் குடுங்க. கல்வி அதிகாரி ஏ.இ.ஓ. ஆபீஸுக்கு அனுப்புறேன். அதுவரைக்கும் டி.சி. பேச்ச எடுக்க மாட்டேன்.”

எழுதிக் கொடுத்து மூன்று மாதமாகிறது. உத்தமபாளையத்துக்கு அலைந்து பிறப்புச் சான்றிதழ் வாங்கிவிட்டேன். பள்ளிக்கூடத்தில் இன்னும் தேதி மாறவில்லை, மாறும் என்கிறார்கள். சரியான வயதை வைத்து மறுபடி பார்க்கச் சொல்லிக் கோமதிதான் எழுதிப் போட்டு நாளைக்கு முறை வாங்கியது. அந்தப் பெண்ணுக்கு ஒப்பந்த வேலைதான். அடுத்த வருஷம் இந்தப் பள்ளிக்கு வருமா என்று அதற்கே தெரியாது.

குழாயடியில் போன வாரம் ஒரு பேச்சு வந்தது. மேலத்தெருக்காரி ஒருத்தி, பவித்ராவைப் பார்த்துவிட்டு, “எல்லாம் அந்த ஸ்டெல்லா கண்ணு, செத்தும் விடல” என்றாள். நான் கொடுத்த பேச்சுதானே, இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. குடத்தை இறக்கி வைத்தேன். “அவ கண்ணுல பட்டதாலதான் இம்புட்டாவது தெரிஞ்சுச்சு. பாக்கவிடாமப் பண்ணுனவ நான். அந்தப் பேச்சக் கட்டிவிட்டதும் நாந்தான்” என்றேன். அதற்கப்புறம் என்னைப் பார்த்தால் கொஞ்சம் ஒதுங்கிப் போகிறார்கள், போகட்டும்.

பவித்ராவைப் பற்றிச் சொல்லவில்லையே. அணில் அட்டையைத் தாண்டிவிட்டாள். அவள் பேரின் முதல் எழுத்தைப் பெரிதாக, கோணலாக எழுதுகிறாள். என் பொத்தான் டப்பாவைக் கொட்டி நிறம் நிறமாகப் பிரித்துவைப்பது அவள் வேலை. நான் கேட்கிற நிறத்தை எடுத்துக் கொடுக்கிறாள், சில நாள் கொடுப்பதில்லை. பாவாடை நனைவது குறைந்திருக்கிறது, நிற்கவில்லை. கணக்கு வருமா, வாசிப்பாளா, ஒருத்தன் கையில் பிடித்துக் கொடுக்க முடியுமா என்றெல்லாம் கோமதியிடம் கேட்டால், “இந்த வாரத்தப் பாப்போம் அக்கா” என்கிறது. எனக்கு அது போதவில்லை. ஆனால் வேறு யாரும் அதைக்கூடச் சொல்வதில்லை.

உள்ளதைச் சொன்னாலும் டாக்டர் விடுதி என்றே எழுதிவிட்டால்? போன தடவை ஒன்று சொன்னாய், இந்தத் தடவை ஒன்று சொல்கிறாய், எதை நம்ப என்று கேட்டுவிட்டால்? வீட்டுக்காரர் நேற்று, “திரும்பப் போயி என்னத்தச் சொல்லப் போற?” என்று கேட்டார். “உள்ளதச் சொல்லப் போறேன்” என்றேன். பிறகு நாளைக்கு எஸ்டேட்டுக்கு வண்டி எடுக்கவில்லை என்று யாரிடமோ போனில் சொல்லிக்கொண்டிருந்தது காதில் விழுந்தது.

உன் நோட்டில் ஒரு வரியைக் கோமதி படித்தபோது நான் நிறுத்தச் சொன்னேன். பிறகு அதை நான் மட்டும் தனியாகப் படித்தேன். பவித்ராவுக்கு மூன்று வயது நாலு மாதம் இருந்தபோது எழுதியது. ‘இன்று சத்துமாவு உருண்டைக்குக் கை நீட்டி, தா என்றாள். முதல் சொல். யாரிடமும் சொல்ல வேண்டாம் என்று ஆயாவிடம் சொன்னேன். மல்லிகா வீட்டில் அவளே கேட்கட்டும்.’

நாலு நாள் கழித்து என் வீட்டு அடுப்படியில் அவள் தா என்றபோது நான் தலைகூட முடியாமல் உன்னிடம் ஓடி வந்தேன் அல்லவா? நீ அவளைத் தூக்கிச் சுற்றினாய். “என்ன சொன்னா, இன்னொருக்கா சொல்லு, எப்படிச் சொன்னா?” என்று என்னை மூன்று தடவை சொல்ல வைத்துக் கேட்டாய். கண்ணைத் துடைத்துக்கொண்டாய். அன்றைய தேதிக்கு நேரே நோட்டில் மூன்றே சொல் இருக்கிறது. ‘மல்லிகா கேட்டுவிட்டாள். சந்தோஷம்.’

முதலில் கேட்டது நீ. அதைச் சொல்லாமல் எனக்குக் கொடுத்தாய். அதற்கு நான் உன்னை என்ன சொன்னேன் என்பது ஊருக்கே தெரியும்.

நாளைக்கு டாக்டர் கேட்பார். பின்னால் எத்தனை பேர் கழுத்தை நீட்டிக்கொண்டு நின்றாலும் சத்தமாகச் சொல்வேன். நடந்தது இரண்டு வயது முடிந்து. முதல் வார்த்தை மூன்று வயது நாலு மாதத்தில். அம்மா இல்லை சார், தா. என்னிடம் சொல்லவில்லை, அவளுடைய ஸ்டெல்லா டீச்சரிடம் சொன்னாள்.

இப்படிக்கு,
உன்னிடம் முதலில் பேசிய பிள்ளையின் அம்மா,
மல்லிகா